சென்ட்ரியா, ஃபோர்ட்டிஃபையா? பக்கத்தில் ஷாகா இருந்தால் வில்லாளிக்கு எந்தக் கட்டளை

சாட்ஸ்வொர்த் வேலு:
சிவிலைசேஷன் 4 கணினி விளையாட்டு, அதன் வார்லார்ட்ஸ் விரிவாக்கம். எல்லையில் புது ஊர் ஒன்று போட்டிருக்கிறேன், அடுத்த வீடு சூலு மன்னன் ஷாகா. காவலுக்கு இருப்பது ஒரே ஒரு வில்லாளி. அவனைச் சென்ட்ரியில் வை என்று இங்கே யாரோ சொன்னார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஃபோர்ட்டிஃபை, அதாவது நின்ற இடத்திலேயே அரண் அமைக்கும் கட்டளை, போட்டால் டர்னுக்கு (ஒரு சுற்றுக்கு) 5 சதவீதம், ஐந்து டர்னில் 25 சதவீதம் தற்காப்பு ஏறும். சென்ட்ரி என்றால் கண்ணைத் திறந்துகொண்டு சும்மா நிற்பது. ஷாகா கதவருகே இருக்கும்போது 25 சதவீதத்தை யாராவது விடுவார்களா?

பீனிக்ஸ் அக்கா:
யாரோ இல்லை தம்பி, நான்தான் சொன்னேன். போனஸ் பட்டனுக்குக் கிடைப்பதில்லை, நகராமல் நின்றதற்குக் கிடைக்கிறது. சென்ட்ரியில் நிற்பவனுக்கும் டர்ன் ஏற ஏற அதே 5 சதவீதம் சேரும். நம்பவில்லை என்றால் மவுஸை அவன்மேல் வைத்துப் பார், எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காட்டும். வித்தியாசம் ஒன்றுதான்: எதிரி கண்ணில் பட்டால் சென்ட்ரி எழுந்து உன்னைக் கேட்பான், ஃபோர்ட்டிஃபை போட்டவன் தூங்கிக்கொண்டே இருப்பான்.

உம்கேனிக்கரை:
25 சதவீதம் இங்கே சின்ன விஷயம் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். சமவெளி ஊர், ஊரின் கலாசாரம் வளர்ந்தால் கிடைக்கும் தற்காப்பு இன்னும் பூஜ்யம் என்று வைத்துக்கொள்வோம். வில்லாளியின் பலம் 3, ஊருக்குள் 50 சதவீதம் கூடுதல், ஆக 4.5. ஷாகாவின் ஈட்டி வீரனான இம்பியின் பலம் 4. அவர் அக்ரெஸிவ் (சண்டைக்கார குணம்) தலைவர் என்பதால் காம்பாட் 1 என்ற 10 சதவீதப் பல உயர்வு இலவசம், ஆக 4.4. கிட்டத்தட்டச் சமம்! நின்ற போனஸ் முழுதாகச் சேர்ந்தால் வில்லாளி 5.25. இம்பி டர்னுக்கு இரண்டு கட்டம் ஓடுகிறவன், அவன் தெரிந்த பிறகு நின்று சேர்க்க நேரம் இருக்காது. (ஷாகா ஆண்ட தென்னாப்பிரிக்க மண்ணில் வாழும் நம்ம குவாசூலு-நட்டால்காரர்களே அவருக்குப் பயப்படுவது கொஞ்சம் வேடிக்கைதான்.)

சாட்ஸ்வொர்த் வேலு:
சரி அக்கா, போனஸ் சேரட்டும். ஆனாலும் சென்ட்ரி வேண்டாம். எல்லையில் ஒரு காட்டுமிராண்டி நடந்தாலும் எழுப்பிவிடுவான். எழுந்தவனைப் பார்த்தால் கை சும்மா இருக்குமா? "ஒரு அடி முன்னால் போய்ப் பார்ப்போம்" என்று நகர்த்தினால் சேர்த்ததெல்லாம் பூஜ்யம். பத்து ஊர் ஆனதும் டர்ன் முடிக்கவே மணிக்கணக்கில் ஆகும்.

பீனிக்ஸ் அக்கா:
அது உன் கையின் குற்றம், சென்ட்ரியின் குற்றம் இல்லை. எழுந்தவனுக்குத் திரும்ப அதே கட்டளையைக் கொடு, ஒன்றும் குறையாது. தொல்லை என்று நீ சொல்வதை ஊருக்குள் மட்டும் ஒத்துக்கொள்கிறேன். ஊர் தானே சுற்றிலும் பார்க்கிறது, அங்கே ஃபோர்ட்டிஃபை போதும். சென்ட்ரிக்கு இடம் வெளியே உள்ள குன்று, அங்கிருந்து பார்வை தூரம் போகும். குதிரை வில்லாளியை நிறுத்து. அவனுக்கு எப்படி நின்றாலும் தற்காப்புப் போனஸே கிடையாது, ஃபோர்ட்டிஃபை பட்டனுக்குப் பதில் ஸ்லீப் (வெறும் தூக்கம்) பட்டன்தான் வரும். அவனைக் காவலுக்கு வைத்தால் நஷ்டம் எங்கே?

சாட்ஸ்வொர்த் வேலு:
என் வரைபடத்தில் குதிரையே இல்லை.

உம்கேனிக்கரை:
தாமிரம் இருந்தால் கோடரிக்காரனை ஏற்று. பலம் 5, இம்பி மாதிரி கைச்சண்டைக்காரர்களுக்கு எதிரே 50 சதவீதம் கூடுதல், குன்றில் இன்னும் 25. அவன் நின்றாலும் போனஸ் சேரும், அதனால் சென்ட்ரியே போடலாம். அப்புறம் ஊருக்கு இன்னொரு வில்லாளி செய்யப்பா, ஒருத்தனை வைத்துக்கொண்டு எந்த பட்டன் என்று கேட்கிறாயே!