‘நம் வீடு’ குழு: மலையா, மழையா?

சனி, மாலை 6:04

நான்: எல்லோருக்கும் ஒரு சேதி. பின் அறையை ஸ்டூடியோவாக மாற்றப் போகிறேன். போனில் ராப் பதிந்தது போதும். மாமா, பட்டியல் போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

நான்: கன்டென்சர் மைக், அதைக் கணினியோடு இணைக்கிற ஆடியோ இன்டர்ஃபேஸ், 8 அங்குல மானிட்டர் ஸ்பீக்கர் இரண்டு, சப்வூஃபர், 61 கட்டை மிடி கீபோர்டு, சுவர் முழுக்க ஒட்ட ஃபோம்.

அக்கா: சப்வூஃபரா? அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம்தான் பாப்பா தூங்குகிறாள்.

அம்மா: நேற்று அனுப்பிய பாட்டில் இரண்டாவது வரி எனக்குப் புரியவே இல்லை. மலை என்றாயா, மழை என்றாயா?

நான்: மழை அம்மா. நல்ல மைக் வந்தால் தெளிவாகக் கேட்கும்.

மாமா: பட்டியலைக் கொஞ்சம் தள்ளி வை. அந்த அறை நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டு. என்ன கேட்கிறது?

நான்: தட்டினேன். தட்டி முடிந்ததும் ‘ட்ர்ர்ர்’ என்று ஒன்று ஓடி மறைகிறது.

மாமா: எதிரெதிராக இரண்டு வெற்றுச் சுவர். ஒலி இரண்டுக்கும் நடுவே பந்து மாதிரி போய்ப் போய் வருகிறது. கன்டென்சர் மைக் வைத்தால் அதையும் சேர்த்து அள்ளிக்கொள்ளும். இழுத்துப் பாடுகிற பாட்டில் கொஞ்சம் எதிரொலி இருந்தால்கூட அழகாக இருக்கும். ராப்பில் ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையில் விழும். பதிந்த பிறகு அதை முழுதாக எடுக்கவும் முடியாது.

நான்: அதற்குத்தானே மாமா ஃபோம்?

மாமா: ஒரு அங்குல ஃபோம் கீச்சு ஒலியைத்தான் குடிக்கும். பாஸ் அது இருப்பதையே கண்டுகொள்ளாமல் சுவரில் முட்டித் திரும்பும். சுவர் முழுக்க ஒட்டினால் மேலே செத்துப்போய், கீழே மட்டும் குமுறுகிற அறை கிடைக்கும். பாப்பா தூங்குகிற பக்கம் சத்தம் போவதையும் அது தடுக்காது. அதற்குக் கனமான சுவரும், சந்து இல்லாத கதவும் வேண்டும்.

அக்கா: அப்படியென்றால் ராத்திரி ஹெட்ஃபோன்தான். இப்போதே சொல்லிவிட்டேன்.

நான்: சரி அக்கா, 9 மணிக்கு மேல் ஸ்பீக்கர் கிடையாது.

மாமா: காதை முழுதாக மூடுகிற ஹெட்ஃபோனாக வாங்கு. இல்லையென்றால் நீ பதியும்போது உள்ளே ஓடுகிற பீட் கசிந்து மைக்கில் ஏறும்.

மாமா: அறை எத்தனை அடி?

நான்: 10க்கு 12. மேசையை நடுவில் போடலாம் என்று நினைத்தேன்.

மாமா: வேண்டாம்டா. என் முதல் அறையும் இதே அளவுதான். 12 அடி நீளத்தில் சரிபாதியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். ஒரு பீட்டில் 808 பாஸ், அதாவது அந்த ஆழமான டிரம் மெஷின் அடி, கேட்கவே இல்லை. ஏற்றினேன், இன்னும் ஏற்றினேன். மறுநாள் ஒருவர் காரில் போட்டுக் கேட்டோம். கதவெல்லாம் அதிர்ந்தது. குரல் எங்கே போனது என்று தெரியவில்லை. இரண்டு வாரம் உட்கார்ந்து செய்த மிக்ஸ் அது. அன்றைக்கு எனக்குப் பேச்சே வரவில்லை.

நான்: ஏன் அப்படி ஆனது?

மாமா: 12 அடி அறையில் 47 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு நிலை அலை நிற்கும். இரண்டு கோடியிலும் அது கொழுத்திருக்கும், நட்டநடுவில் இல்லாமலே போகும். என் 808 எஃப் ஷார்ப்பில் இருந்தது, அதாவது ஏறக்குறைய 46 ஹெர்ட்ஸ். நான் உட்கார்ந்த இடத்தில்தான் அது காணாமல் போயிருக்கிறது. அறையில் இருந்தது, என் காதுக்கு வரவில்லை.

மாமா: நீ குட்டைச் சுவரைப் பார்த்து உட்கார். தலை அந்தச் சுவரிலிருந்து நாலரை அடியில் இருக்கட்டும். அது ஆரம்பம்தான், அப்புறம் முன்னே பின்னே நகர்ந்து கேட்டுப் பார். இரண்டு ஸ்பீக்கரும் உன் தலையும் சம முக்கோணமாக வர வேண்டும், கீச்சு ஒலி வருகிற ட்வீட்டர் காது மட்டத்தில். 5 அங்குலம் போதும். இந்த அறையில் சப்வூஃபர் உனக்குப் பொய்தான் சொல்லும்.

அக்கா: மாமாவுக்குக் கோடி நன்றி.

மாமா: ஃபோமுக்கு வைத்த காசில் 4 அங்குல ராக்வூல் (பாறை இழை) பலகை வாங்கித் துணி சுற்றி மூலைகளில் நிறுத்து. பாஸ் போய்ச் சேருகிற இடம் மூலைதான்.

நான்: கீபோர்டு?

மாமா: உனக்குப் பீட்தான் கைவசம். 16 பேட் உள்ள சின்னப் பெட்டி போதும். 1988இல் ரோஜர் லின் வடிவமைத்து அகாய் வெளியிட்ட எம்பிசி60 என்ற பீட் பெட்டியில் இருந்த அதே நாலுக்கு நாலு. அதற்கு முந்தைய வருடம் வந்த எஸ்பி-1200 பெட்டியில் மொத்தமே 10 விநாடிதான் சாம்பிள், அதாவது வேறு பதிவிலிருந்து வெட்டிய ஒலித்துண்டு, எடுக்க முடியும். 33இல் ஓட வேண்டிய இசைத்தட்டை 45இல் ஓட்டிப் பதிந்து, பெட்டிக்குள் வேகத்தை இறக்கி இடம் மிச்சம் பிடித்தார்கள். அதில் வந்த கரகரப்பு பிறகு எல்லோரும் தேடுகிற ஒலியாகிவிட்டது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

நான்: 10 விநாடியா! என் கணினியில் சாம்பிள் மட்டும் 40 ஜிபி இருக்கிறது.

மாமா: அதில் 20 ஒலியை எடுத்து வைத்து ஒரு மாதம் அதிலேயே வேலை செய்.

ஞாயிறு, காலை 10:31

நான்: நண்பனின் இன்டர்ஃபேஸும் கன்டென்சர் மைக்கும் இரண்டு நாளைக்குக் கிடைத்திருக்கின்றன. ஆனால் ஹெட்ஃபோனில் என் குரல் எனக்கே பின்தங்கி வருகிறது. தாளம் தப்புகிறது.

மாமா: கணினி ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்புகிற பஃபர் எத்தனை?

நான்: 1024.

மாமா: 44.1 கிலோஹெர்ட்ஸில் அது 23 மில்லி விநாடி. உள்ளே போக ஒன்று, வெளியே வர ஒன்று. பதியும்போது 128க்கு இறக்கு, மிக்ஸ் செய்யும்போது திரும்ப ஏற்றிக்கொள். 24 பிட்டில் பதி. நீ கத்துகிற வரியில்கூட ஒலி அளவு முள் மைனஸ் 10 டெசிபலைத் தாண்ட வேண்டாம். 48 வோல்ட் பொத்தானைப் போட்டாயா? கன்டென்சருக்கு அது இல்லாமல் உயிர் வராது.

நான்: போட்டேன். எங்கே நிற்பது?

மாமா: எல்லோரும் மைக்குக்குப் பின்னால்தான் மெத்தை மாட்டுவார்கள். முன்னால் இருந்து வருவதை அதிகம் பிடிக்கிற கார்டியாய்டு மைக் உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, உன் முதுகுக்குப் பின்னால் இருக்கிற சுவரும் அதற்குத் தெரியும். மெத்தென்று இருக்க வேண்டியது அங்கே.

அம்மா: என் துணி அலமாரி அந்த அறையில்தான் இருக்கிறது. இரண்டு கதவையும் திறந்து வைத்துவிடவா?

மாமா: அக்கா, அதைவிட நல்ல இடம் கிடையாது. துணியை நெருக்கி அடுக்காதீர்கள், தளர்வாகத் தொங்கட்டும். டேய், அலமாரிக்கு முதுகைக் காட்டி நில். மைக்கிலிருந்து ஒரு சாண். மூச்சுக் காற்றைத் தடுக்கிற பாப் ஃபில்டர் நடுவில். மைக்கைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பு, ‘ப’ வருகிற சொல்லெல்லாம் ஊதாமல் இருக்கும். ஃபேனை நிறுத்து.

காலை 11:48

நான்: குரல் பதிவு (0:21)

அக்கா: ஐயோ, இது நீயா! பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி இருக்கிறது.

மாமா: கேட்டேன். அறை எங்கேயும் தெரியவில்லை. 14ஆவது விநாடியில் நீ மூச்சு இழுப்பதுகூடக் கேட்கிறது, அதை வெட்டாதே. இதே வெர்ஸை இன்னொரு தடவை பதிந்து வரிக் கடைசிகளில் மட்டும் அடியில் வை, அழுத்தம் வரும். பீட்டைப் போனில் போட்டால் 808 காணாமல் போகும், பயப்படாதே. அந்தச் சின்ன ஸ்பீக்கரால் 47 ஹெர்ட்ஸைக் காட்ட முடியாது. சாச்சுரேஷன், அதாவது லேசான கரகரப்பு, கொஞ்சம் போட்டால் மேல் ஸ்தாயியில் அதன் நிழல் விழும், காது அதைப் பிடித்துக்கொள்ளும்.

அம்மா: ஒவ்வொரு சொல்லும் கேட்கிறது கண்ணா. இரண்டாவது வரியில் நீ மலை என்றுதான் சொல்கிறாய்.

நான்: மூன்று தடவை கேட்டுப் பார்த்தேன். ஆமாம் அம்மா, மலைதான்.

அம்மா: நாக்கை நன்றாக மடி. ஃபேனை நான் நிறுத்தியே வைக்கிறேன், இன்னொரு தடவை சொல்.