அபார்ட்மென்டில் கேமரா போட்டால் திருட்டு குறையுமா?

கேள்வி: காரைக்குடி செக்காலைப் பக்கம் இருக்கிறோம். பாதி வீட்டுக்காரர்கள் சிங்கப்பூர், மலேசியா. கீழே நின்ற வண்டியில் பேட்டரி காணோம். கேமரா போடலாமா?

பதில்: போடுங்கள். 40 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் வந்த அலசலில், கேமரா உள்ள இடங்களில் குற்றம் சுமார் 13 சதவீதம் குறைந்திருந்தது. வண்டி நிறுத்துமிடத்தில்தான் பலன் அதிகம். ஆனால் கேமராப் படத்தை ஒரு ஆள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எங்கள் கேமராவில் சிலந்தி வலை கட்டி, ராத்திரிப் படம் முழுக்க வெள்ளையாகவே இருந்தது, யாரும் கவனிக்கவில்லை. எனக்கு அதுதான் ஆதங்கம்.

பதில்: தம்பி, ஊருக்குப் போகிறவர்களைப் போலீஸ் ஸ்டேஷனிலும் சொல்லிவிட்டுப் போகச் சொல்லுங்கள். பூட்டின வீட்டை ரோந்தில் பார்ப்பார்கள்.

கேள்வி கேட்டவர்: சரிங்க ஆச்சி. வாட்ச்மேன் அறையில் திரை வைத்து, வாரம் ஒருமுறை லென்ஸைத் துடைக்கவும் ஆள் போடுகிறோம்.