வெடிச்சத்தம் கேட்டால் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் ஒளிகிறான். பக்கத்தில் உட்காரலாமா, கூடாதா?

கேள்வி: பொட்டுவின் ஆள்

எங்கள் நாய் பொட்டுவுக்கு எட்டு வயது. நெற்றியில் ஒரு வெள்ளைத் திட்டு இருப்பதால் அந்தப் பெயர். ஆறு வயது வரை பட்டாசுச் சத்தத்தை அவன் பொருட்படுத்தியதே இல்லை. தலையைத் தூக்கிப் பார்ப்பான், பிறகு படுத்துவிடுவான். இரண்டு வருடமாகத்தான் இந்தப் பாடு. முதல் வெடி வெடித்ததும் வால் வயிற்றோடு ஒட்டிக்கொள்கிறது. வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளிதான் இருக்கும். இருபது கிலோ உடம்பை அதற்குள் எப்படி நுழைக்கிறானோ தெரியவில்லை. உள்ளே போய்ச் சுவரைப் பார்த்தபடி நிற்கிறான், படுப்பதுகூட இல்லை. எச்சில் ஒழுகிக் காலடியில் தரை நனைந்துவிடுகிறது.

போன முறை ஒரு தப்புச் செய்தேன். அங்கே மூச்சு முட்டிவிடுமோ என்று பயந்து பின்னங்காலைப் பிடித்து வெளியே இழுத்தேன். திரும்பி என் கையைக் கவ்விவிட்டான். இத்தனை வருடத்தில் அதுதான் முதல் முறை. பல் பதிந்தது, ரத்தம் வரவில்லை. ஆனால் கவ்விய பிறகு என்னைப் பார்த்தானே ஒரு பார்வை, அது இன்னும் மனதை உறுத்துகிறது.

இப்போது குக்கர் விசிலுக்கும், காற்றில் கதவு அறைவதற்கும்கூட அங்கேதான் ஓடுகிறான். அடுத்த மாதம் மறுபடியும் வெடிப்பார்கள். "கண்டுகொள்ளாதே. தடவிக் கொடுத்தால் பயந்ததற்குப் பரிசு கொடுத்தது போல ஆகிவிடும்" என்கிறார் என் அண்ணன். பக்கத்தில் உட்காரவும் கூடாதா?

பதில்: பழைய வேட்டி

உங்கள் அண்ணன் சொல்வதுதான் சரி. செல்லம் கொடுத்தால் நாய் இன்னும் நடுங்கும். எங்கள் வீட்டு நாய்க்கு வேறொரு காரணத்துக்காக எழுதிக் கொடுத்த அசெப்ரோமசின் என்ற மயக்க மாத்திரை மீதம் இருந்தது. அரை மாத்திரை கொடுத்தேன், இரவு முழுவதும் மூச்சுப் பேச்சில்லை. இதற்குப் போய் இவ்வளவு யோசிக்க வேண்டாம்.

பதில்: ஊசிக்காரம்மா

மூச்சுப் பேச்சில்லாமல் கிடந்தது என்கிறீர்களே ஐயா, பயப்படாமல் கிடந்ததா? பதினோரு வருடம் கால்நடை மருத்துவமனை ஒன்றில் உதவியாளராக இருந்தேன். அசெப்ரோமசின் கொடுத்த நாய்களை வெடி இரவில் பார்த்திருக்கிறேன். உடம்பு துணிமூட்டையாகக் கிடக்கும், கண் மட்டும் ஒவ்வொரு சத்தத்துக்கும் துடிக்கும். அந்த மருந்து உடம்பைக் கட்டிப்போடும், பயத்தைத் தொடாது. சத்தம் கூடுதலாக உறைக்கவும் கூடும். பயத்துக்கு அதை மட்டும் தனியாகக் கொடுப்பதை இப்போது பல மருத்துவர்கள் விட்டுவிட்டார்கள். மீந்த மாத்திரையை எடுத்துக் கொடுப்பது அதைவிட ஆபத்து.

பொட்டுவின் ஆளுக்கு: தாராளமாக உட்காருங்கள். பயம் என்பது "உட்கார்", "கை கொடு" போல நாய் யோசித்துச் செய்து காட்டும் வித்தை இல்லை, பரிசு கொடுத்தால் பெருகுவதற்கு. அவன் உங்களிடம் ஒண்டினால் அணைத்துக்கொள்ளுங்கள். ஒளிந்துகொண்டால் விட்டுவிடுங்கள். மெஷினை ஒரு முழம் முன்னால் இழுத்து, உள்ளே பழைய போர்வையை விரித்துவிடுங்கள். அவன் தேர்ந்தெடுத்த இடம் அது, அதை வசதியாக்குவது மட்டும் உங்கள் வேலை. ஜன்னல்களைச் சாத்தி, மின்விசிறியையும் டிவியையும் ஓட விடுங்கள்.

அதைவிடப் பெரிய உதவி தீனி. ஒவ்வொரு வெடிக்கும் ஒரு துண்டு, அவனுக்கு உயிரான எதுவோ அது. வரிசை முக்கியம்: சத்தம் முதலில், துண்டு அடுத்த நொடியில். மாற்றிச் செய்தால் உங்கள் கை தீனிப் பாத்திரத்துக்குப் போவதே அவனுக்கு அபசகுனமாகிவிடும். 2020இல் ஸ்டெபானி ரீமர் என்ற ஆய்வாளர் 1,225 நாய் வளர்ப்பவர்களிடம் கேட்டுத் தொகுத்தார். சத்தத்துக்குப் பிறகு தீனியோ விளையாட்டோ கொடுத்தவர்களில் 70 சதவீதத்துக்கும் மேலானோர் பலன் கிடைத்ததாகச் சொன்னார்கள். வளர்ப்பவர்களின் வாய்ச்சொல்தான், ஆய்வுக்கூடக் கணக்கில்லை. ஆனாலும் நான் கண்ணால் கண்டதோடு அது ஒத்துப்போகிறது. துண்டை முகர்ந்துகூடப் பார்க்காவிட்டால் பயம் தலைக்கு மேல் போய்விட்டது என்று பொருள். அப்போது மருந்துதான் துணை.

வெடிச்சத்தத்தைப் பதிவில் மெல்லிய ஒலியில் போட்டுக் காட்டிப் பழக்குவதும் நல்ல வழிதான். ஆனால் ஒரு மாதத்தில் முடிகிற காரியமில்லை. அவசரப்பட்டு ஒலியைக் கூட்டினால் வேண்டாத வினை. அதை இந்தச் சத்தமெல்லாம் ஓய்ந்த பிறகு தொடங்குங்கள்.

கடைசியாக, எனக்கு நெருடிய விஷயம். ஆறு வருடம் அலட்டிக்கொள்ளாத நாய் திடீரென்று ஏன் பயப்பட வேண்டும்? பிரிட்டனின் லிங்கன் பல்கலைக்கழகத்தினரும் பிரேசில் ஆய்வாளர்களும் 2018இல் சத்தத்துக்குப் பயப்படும் 20 நாய்களை ஒப்பிட்டார்கள். மூட்டு, தசை வலி இருந்த நாய்களுக்கு இந்தப் பயம் சராசரியாக நான்கு வருடம் தாமதமாகத் தொடங்கியிருந்தது. வெடி வெடிக்கும்போது உடம்பு வெடுக்கென்று இறுகும். புண்பட்ட மூட்டு சுள்ளென்று வலிக்கும். நாயின் கணக்கில் சத்தம்தான் வலிக்கிறது.

நீங்கள் பிடித்து இழுத்தது பின்னங்காலை. அவன் கவ்வியது பயத்தால் மட்டும்தானா? படுக்காமல் நிற்கிறான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். முதலில் மருத்துவரிடம் காட்டி மூட்டுகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அங்கேயே பயத்துக்கான மருந்தையும் கேளுங்கள். சத்தப் பயத்துக்கென்றே ஐரோப்பாவில் 2015இல் அனுமதி பெற்ற டெக்ஸ்மெடடோமிடின் ஜெல் ஒன்று உண்டு. கையுறை போட்டுக்கொண்டு கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் வைக்க வேண்டும், விழுங்கிவிட்டால் வேலை குறைந்துவிடும். வலிப்புக்குக் கொடுத்துவந்த இமெபிடோயினுக்கும் 2018இல் இதற்காக அனுமதி கிடைத்தது. அதை வெடிக்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்பே தொடங்க வேண்டும். எதுவானாலும் அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். முடிந்தால் அமைதியான ஒரு நாளில் ஒரு தடவை கொடுத்துப் பார்க்கக் கேளுங்கள்.

பதில்: இரண்டு நாய் வீடு

ஊசிக்காரம்மா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பொழுது சாய்வதற்குள் வெளியே கூட்டிப்போய் வந்துவிடுங்கள். எங்கள் பெரியவன் ஒரு ராக்கெட் சத்தத்துக்குக் கழுத்துப்பட்டையிலிருந்து தலையை உருவிக்கொண்டு ஓடினான். என் கையில் வெறும் பட்டைதான் மிஞ்சியது. மறுநாள் மத்தியானம்தான் கிடைத்தான். என் தொலைபேசி எண் அந்தப் பட்டையில் இருந்தது, பட்டையோ என்னிடம் இருந்தது! அன்றிலிருந்து நெஞ்சைச் சுற்றிக் கட்டும் வார்தான். எண்ணை அதிலும் எழுதியிருக்கிறேன்.

பொட்டுவின் ஆள் (ஐந்து வாரம் கழித்து)

ஊசிக்காரம்மா, நீங்கள் சந்தேகப்பட்டது சரி. எக்ஸ்ரேயில் இடது இடுப்பு மூட்டில் தேய்மானம். நான் பிடித்து இழுத்த அதே கால். மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் காட்டியபோது என்னால் அதை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

வலி மருந்து தொடங்கிப் பத்து நாளில் சோபாவில் தானாக ஏறினான். அவன் ஏறுவதையே நிறுத்தியிருந்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வெடிக்கு ஜெல் கொடுத்தார்கள். அன்று சாயங்காலம் சட்டைப் பையில் வேகவைத்த கோழித் துண்டுகளைப் பாலித்தீனில் சுற்றி வைத்துக்கொண்டு மெஷின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். முதல் ஏழு வெடி வரை வாங்கித் தின்றான். எட்டாவது மிக அருகில், வீடே அதிர்ந்தது. அதற்கப்புறம் துண்டை முகர்ந்தான், தின்னவில்லை. நடுக்கம் இருந்தது, எச்சில் ஒழுகவில்லை. கொஞ்ச நேரத்தில் போர்வைமேல் படுத்தான். பதினொரு மணிக்கு எழுந்து வந்து தண்ணீர் குடித்துவிட்டு, தானாகவே திரும்பி உள்ளே போனான். குணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் போன வருடம் விடியும்வரை நின்றுகொண்டே இருந்தவன்.

இன்று காலை குக்கர் விசிலடித்தது. பொட்டு இரண்டடி ஓடினான், நின்றான், திரும்பி என் சட்டைப் பையைப் பார்த்தான். பை காலி. அடுத்த விசிலுக்குள் அடுக்களைக்கு நான்தான் ஓட வேண்டியிருந்தது.

மெஷினை இன்னும் பின்னால் தள்ளவில்லை. அண்ணன் தினமும் அதில் முழங்காலை இடித்துக்கொள்கிறார்.