வீட்டிலேயே விந்தணு சோதனை: யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் ஊர். கல்யாணமாகி ரெண்டு வருஷம் தாண்டியாச்சு, "விசேஷம் உண்டா?" என்று கேட்காத சொந்தம் இல்லை. வீட்டுக்காரிக்கு எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சு, ஒரு குறையும் இல்லை. அடுத்து நான்தான். இங்குள்ள லேபில் பில் போடுகிற அண்ணாச்சி எங்கள் தெருக்காரர். டப்பாவை நீட்டும்போதே பேரை உரக்கக் கூப்பிடுவார்!

அதனால் ஆன்லைனில் கிட் வாங்கலாமா என்று யோசனை. ஆனால் பல கிட்டுகள் எண்ணிக்கையை மட்டும்தான், அதாவது ஒரு மில்லிக்கு 1.5 கோடி அணுக்கள் தேறுமா என்றுதான் காட்டுமாம். அசைவும் வடிவமும் தெரியாது. கிட்டில் எண்ணிக்கை சரி என்று கோடு விழுந்தாலும் அதை நம்பி இருக்கலாமா? வாங்கியவர்கள் சொல்லுங்க.

அப்புறம், வீட்டில் எடுத்த சாம்பிளை ஒரு மணி நேரத்துக்குள் லேபில் கொடுக்கணும். எங்களுக்கு பஸ்ஸில் திருநெல்வேலி ஜங்ஷன் வரவே அதற்கு மேல் ஆகும். பாளையங்கோட்டை, வண்ணாரப்பேட்டைப் பக்கம் தனி அறை உள்ள லேப் இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்க.