பொருள்: மறு: டோல்-லைக் ரிசெப்டருக்குத் தமிழ் என்ன? (சுங்கச்சாவடி வேண்டாம்)

எல்லாருக்கும் வணக்கம்,

டோல்-லைக் ரிசெப்டர்னா (சுருக்கமா டிஎல்ஆர்) கிருமி வந்தத மோப்பம் பிடிக்கிற, நம்ம செல்லுல இருக்குற புரதம், அதுக்குத் தமிழ்ப் பேரு தேடுற இழை இது. மூணு நாளா இதப் படிச்சுட்டு சும்மா இருந்தேன், நேத்து ஒருத்தர் மெஷின் மொழிபெயர்ப்புல வந்த "சுங்கச்சாவடி போன்ற ஏற்பிகள்"ங்கிறத ஒட்டி இது என்னய்யானு கேட்டிருந்தார், சிரிச்சு முடிச்சதும் சரி எழுதிருவோம்னு உக்காந்துட்டேன். மடல் நீளும், பொறுத்துக்குங்க.

அந்த டோலுக்கும் டோல்கேட்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அது ஜெர்மன் சொல்லு, நம்ம "அடேங்கப்பா" மாதிரி. 1980கள்ல டியூபிங்கன்ல கிறிஸ்டியானே நியூஸ்லைன்-ஃபோல்ஹார்டு குழு, பழ ஈயோட கருவுல முதுகு எது வயிறு எதுனு தீர்மானிக்கிற மரபணுக்களத் தேடிட்டு இருந்தாங்க, அதுல ஒண்ணு கெட்டுப்போனா கரு தாறுமாறா வளருது, அதுக்கு வெச்ச பேருதான் இது. நோய்க்கும் அதுக்கும் அப்ப யாரும் முடிச்சுப் போடல. 1996ல ஸ்ட்ராஸ்பர்க்ல ஜூல் ஹாஃப்மன் ஆய்வகத்துல அதே மரபணு கெட்ட ஈக்கு ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையத் தொத்த விட்டுப் பாத்தாங்க. செத்த ஈ மேல பஞ்சு மாதிரி பூஞ்சை இழை மொளச்சுக் கெடக்குற படம் ஒண்ணு உண்டு, பாத்தா மறக்காது. ரெண்டு வருசம் கழிச்சு ப்ரூஸ் பாய்ட்லர் எலியில அந்த டோல் மாதிரியே இருக்குற டிஎல்ஆர்4ங்கிற புரதம் என்ன பண்ணுதுனு கண்டுபிடிச்சார், 2011ல ஹாஃப்மன், பாய்ட்லர் ரெண்டு பேருக்கும் நோபல்.

இப்ப சொல்லுக்கு வர்றேன். டிஎல்ஆர் எல்லாம் பேட்டர்ன் ரெகக்னிஷன் ரிசெப்டர்ங்கிற பெரிய குடும்பத்துல சேரும், அதுக்கு இழையில ஒருத்தர் சொன்னது:

> பேட்டர்ன் ரெகக்னிஷன் ரிசெப்டர் = வடிவறி ஏற்பி. எளிமையா இருக்கு, முடிச்சிடலாம்.

எளிமைதான் ஐயா, ஆனா வடிவம்னதும் வாசிக்கிறவன் வட்டம், சதுரம், கம்பி மாதிரி பாக்டீரியானு போயிடுவான். சார்லஸ் ஜேன்வே 1989ல இத முன்வெச்சப்ப சொன்னது வேற. பிறவியிலேயே இருக்குற நோயெதிர்ப்புக்கு எந்தக் கிருமியையும் பேர் சொல்லிக் கூப்புடத் தெரியாது, ஒரு கூட்டத்துக்கே பொதுவா இருக்குற அடையாளம் மட்டும் தெரியும். இதுக்கு நம்மகிட்ட ஏற்கெனவே ஒரு சொல் இருக்கு, சாடை. கல்யாண வீட்டுல ஒரு கிழவி முன்னப்பின்ன பாக்காத பையன நிறுத்தி "நீ மேலத்தெரு வாத்தியார் பேரன்தானடா"னு கேக்குமே, அவன் பேரு தெரியாது, மூக்கு சொல்லிருச்சு. டிஎல்ஆர்4 பண்றது அதான். ஈ.கோலையா சால்மோனெல்லாவானு அதுக்குத் தெரியாது, அதுங்க வெளிச்சவ்வுல இருக்குற எல்பிஎஸ்ங்கிற, கொழுப்பும் சர்க்கரையும் சேந்த மூலக்கூறுதான் அந்தக் குடும்பத்து மூக்கு. பேரு, ஊரு, கதவு நம்பர் எல்லாம் வெச்சுத் தேடுறது ஆன்டிபாடியோட வேலை, அது வந்து சேர நாளாகும்.

அதனால என் முன்மொழிவு: சாடையறி ஏற்பி. அது பாக்குற அடையாளத்துக்கு கிருமிச்சாடை.

இன்னொரு காரணமும் இருக்கு, எனக்கு இதான் முக்கியமாப் படுது. சாடைன்னா ஏமாறவும் வாய்ப்பு உண்டு, அந்த அர்த்தம் சொல்லுக்குள்ளயே இருக்கு. ஈ.கோலையோட எல்பிஎஸ்ல ஆறு கொழுப்பு வால் இருக்கும், அதுல அஞ்சு டிஎல்ஆர்4ஓட ஒட்டியிருக்குற எம்டி2ங்கிற புரதத்தோட பைக்குள்ள போய் உக்காரும், ஆறாவது வெளிய நீட்டிக்கிட்டு இன்னொரு டிஎல்ஆர்4ஐ இழுத்துப் பிடிக்கும், ரெண்டும் சேந்தாத்தான் உள்ள மணி அடிக்கும். பிளேக் கிருமி என்ன பண்ணுதுனா, குளிர்ச்சியா தெள்ளுப்பூச்சிக்குள்ள இருக்குறப்ப ஆறு வாலும் வெச்சிருக்கும், நம்ம ஒடம்புச் சூடு 37 டிகிரிக்கு வந்ததும் நாலு வாலாக் கொறச்சுக்கும். மீசைய எடுத்துட்டு வர்ற திருடன்தான்.

எதிர்ப்பக்கமும் நடக்கும். டிஎல்ஆர்7 வைரஸோட ஆர்என்ஏ சாடையப் பாக்குறது, ஆனா நம்ம ஆர்என்ஏவும் கிட்டத்தட்ட அதே சாடைதான், அதனாலதான் அது செல்லோட வெளிப்புறத்துல இல்லாம உள்ள ஒரு பைக்குள்ள ஒளிஞ்சிருக்கு. 2022ல வந்த ஒரு ஆய்வுல லூபஸ் (நோயெதிர்ப்பு தன் ஒடம்பையே தாக்குற நோய்) வந்த ஒரு பொண்ணுக்கு அந்த டிஎல்ஆர்7ல ஒரே ஒரு எழுத்து மாறி, அளவுக்கு மீறி சூடாகிப்போனதக் காட்டினாங்க. இதே டிஎல்ஆர்7 வேலை செய்யாத சில இளவயசுப் பையன்கள கோவிட் ஐசியு வரைக்கும் கொண்டுபோச்சு. கூடினாலும் வம்பு, கொறஞ்சாலும் வம்பு. நம்மள்ல கோவேக்சின் போட்டவங்க இருப்பீங்க, அதுல சேத்த துணைப்பொருள்ல டிஎல்ஆர் 7, 8ஐத் தட்டி எழுப்புற மூலக்கூறு இருக்கு.

அடுத்து டோல். ட வரிசை தமிழ்ல சொல்லுக்கு மொதல்ல வராது, ஜெர்மன்ல உச்சரிப்பும் குறில்தான், டொல். த போட்டா தொல். தொல்லியல்னு சொல்ற அதே தொல், பழமை. ஈயில இருந்து மனுசன் வரைக்கும் வர்ற பழைய காவல்காரனுக்கு இதவிடப் பொருத்தமா தற்செயலாக்கூட அமையாது. தொல் + ஏற்பி = தொல்லேற்பி. வேகமா சொன்னா தொல்லை ஏற்பினு காதுல விழும்தான், லூபஸ்காரங்களக் கேட்டா அதுவும் சரிம்பாங்க.

கல்லெறியிறவங்க இனி எறியலாம்.

———

தம்பி, சாடை எனக்குப் பிடிச்சிருக்கு. நாங்கள் பள்ளிக்கூடத்தில ரிசெப்டரை வாங்கி எண்டுதான் படிச்சனாங்கள், நோயெதிர்ப்பை நிர்ப்பீடனம் எண்டு, ஆனா ஏற்பி எண்டாலும் விளங்கும், அதுக்குச் சண்டை பிடிக்கேல்ல. தொல்லேற்பியிலதான் ஒரு பிழை. ஈயின்ர டோல் கிருமியை நேரடியாத் தொடுறேல்ல. வேற புரதங்கள் கிருமியைக் கண்டு, ஸ்பேட்ஸ்ல எண்ட ஒண்டை வெட்டிக் குடுக்க, அதைத்தான் டோல் பிடிக்குது. எங்கட 10 டிஎல்ஆரும் அதின்ர சொந்தக்காரர் மட்டும்தான், 'லைக்' எண்டது சும்மா இல்லை. நீங்கள் அதை விழுங்கிப்போட்டியள்.

———

அக்கா, மாட்டிக்கிட்டேன். 'லைக்'க நான்தான் முழுங்கினேன். அப்ப ஈயோடது தொல்லேற்பி, நம்மோடது தொல்லன்ன ஏற்பி, சங்கப்பாட்டுல 'மாதிரி'ங்கிற அர்த்தத்துல வர்ற அதே 'அன்ன'. ஆனா ஈயோடது சாடையறி ஏற்பி கணக்குல வராதுனு கலைச்சொல் பட்டியல்ல ஒரு வரி போட்டுடறேன். நோட்2ங்கிற இன்னொரு ஏற்பிய எங்க வைக்கிறதுனு சொல்லுங்க, அது செல்லுக்குள்ள பாக்டீரியாச் சுவரோட துண்டப் பாக்குறது, கிரோன்ங்கிற குடல் அழற்சி நோயோட 2001லயே முடிச்சு விழுந்தது, ஆனா தொல் குடும்பம் இல்ல.