சரியாக 50,000 ரூபாய் வந்தால் யாரிடம் போகும்?

கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு நிறுவனத்தில் பர்ச்சேஸ் பிரிவில் இருந்தேன். அப்ரூவல் எல்லாம் காகிதத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பவர் ஆட்டோமேட்டில் (வேலைகளைத் தானாக ஓடவைக்கும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள்) ஒரு ஃப்ளோ, அதாவது தானாக ஓடும் வேலை வரிசை, போட்டுத் தருகிறேன் என்று நானே வலியப் போய்த் தலையைக் கொடுத்தேன்.

விதி எளிது. 50,000 வரை மேனேஜர், 2 லட்சம் வரை பிரிவுத் தலைவர், அதற்கு மேல் எம்.டி. மூன்று கண்டிஷனை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தேன். முதலாவதில் 50,000-ஐ விடக் குறைவு. இரண்டாவதில் 50,000-ஐ விட அதிகம், 2 லட்சத்தை விடக் குறைவு. மூன்றாவதில் 2 லட்சத்தை விட அதிகம். மூன்றிலும் 'ஆம்' பக்கத்தில் அவரவருக்கான அப்ரூவல், 'இல்லை' பக்கம் காலி. 12,000, 80,000, 3 லட்சம் என்று போட்டுப் பார்த்தேன், போக வேண்டிய ஆளிடம் போனது. சரி, முடிந்தது என்று விட்டுவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து மெயின்டெனன்ஸ் அண்ணன் வந்து நின்றார். "தம்பி, பேரிங் செட்டுக்குப் போட்டு ஒன்பது நாள் ஆச்சு. யார் மேசைல தூங்குது?"

யார் மேசையிலும் இல்லை. ஃப்ளோ ஓடியதைப் பதிந்து வைக்கும் ரன் ஹிஸ்டரியில் அந்த ஓட்டம் வெற்றி என்றே இருந்தது. உள்ளே திறந்தால் மூன்று கண்டிஷனுக்கும் பச்சை டிக், அவற்றுக்குள் இருந்த மூன்று அப்ரூவலும் சாம்பல் நிறத்தில், அதாவது ஓடவே இல்லை. சப்ளையர் 18 சதவீத ஜி.எஸ்.டி.யையும் சேர்த்து, ரவுண்ட் ஆஃப் செய்து, சரியாக 50,000 என்று கொட்டேஷன் கொடுத்திருந்தார்! குறைவிலும் சேராது, அதிகத்திலும் சேராது. கண்டிஷனுக்கு 'இல்லை' என்று பதில் வருவது பிழை இல்லையே, அதனால் ஃபெயில் என்று எந்த மெயிலும் வரவில்லை.

இப்போது முதல் கண்டிஷன் 'குறைவு அல்லது சமம்'. அதன் 'இல்லை'க்குள் இரண்டாவது, அதன் 'இல்லை'யில் எம்.டி. எந்தத் தொகையானாலும் யாராவது ஒருவர் தலையில் விழுந்தே ஆக வேண்டும். டெஸ்ட்டுக்கு 49,999, 50,000, 50,001 மூன்றையும் போடுகிறேன்.

*

மேலே 50,000 கதை சொன்னவரே, உங்களை மாட்டிவிட்டது ஒரு 'சமம்', இன்னொரு ஆளான என்னை ஒரு 'ட்'. லீவு ஃப்ளோவில் மேனேஜர் ஒப்புதல் தந்தால் முடிவு 'அப்ரூவ்' என்றுதான் வரும். நான் கண்டிஷனில் 'அப்ரூவ்ட்' என்று டைப் செய்துவிட்டேன். தங்கை கல்யாணத்துக்கு லீவு கேட்ட பையனுக்கு நிராகரிப்பு மெயில் போய்விட்டது. மேனேஜரோ, "நான் ஓகே கொடுத்துட்டேனே" என்கிறார். இருவரும் ஒன்றாக என் சீட்டுக்கு வந்தார்கள். அன்றிலிருந்து மதிப்பை நானாக டைப் செய்வதில்லை. ஒருமுறை ஓடவிட்டு, வந்த விடையைக் காப்பி செய்து ஒட்டுகிறேன்.

*

மூன்றாவது ஆள் நான். வரும் படிவங்களைப் பிரிவு வாரியாகப் பிரிக்க ஸ்விட்ச் வைத்திருந்தேன்: ஒவ்வொரு பிரிவின் பெயருக்கும் ஒரு வழி, எதிலும் சேராததற்கு 'டிஃபால்ட்' என்ற வழி. பிரிவின் பெயரை ஆட்களே டைப் செய்யும் படிவம் அது. ஒருவர் 'ஸ்டோர்ஸ்' என்று அடித்துக் கடைசியில் ஒரு ஸ்பேஸும் விட்டிருந்தார். ஸ்விட்ச்சுக்கு அது வேறு சொல், நேராக டிஃபால்ட்டுக்குத் தள்ளியது. டிஃபால்ட்டில் நான் எதுவுமே வைக்கவில்லை.

டைப் செய்யும் இடத்தை டிராப்டவுனாக, அதாவது பட்டியலில் இருந்து தேர்ந்தெடுக்கிற மாதிரி, மாற்றினேன். டிஃபால்ட்டில் எனக்கே மெயில் வருகிற மாதிரி வைத்தேன். போன மாதம் அதிலிருந்து ஒன்று வந்தது: என்னிடம் சொல்லாமலே யாரோ டிராப்டவுனில் 'கேன்டீன்' என்று சேர்த்திருக்கிறார்கள்.