பதில்: பதில்: ஏலப் பணம் எங்கே போனது?

எல்லோருக்கும் வணக்கம்.

நம் இணைய ஏலத்தில் திரை காட்டுகிற மொத்தம் வங்கிக்கு வரவில்லையே, பணம் எங்கே போனது என்று பெரியப்பா குழுவில் கேட்டதால் குழுவிலேயே பதில் சொல்கிறேன். திரையில் பச்சை எழுத்தில் தெரிகிற மொத்தம், ஏலத்தில் கேட்ட தொகைகளின் கூட்டல். வங்கிக்கு வந்த பணம் அல்ல. ஏலம் இப்போது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பார்க்காமல் பொருளாளரைத் திருடன் என்று எழுதியிருக்க வேண்டாம்.

ஏல மென்பொருளுக்கு மென்பொருள் கட்டங்களின் பெயர் மாறலாம், வரிசை ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் வரைவு. பொருளின் படம், ஆரம்ப விலை, ஒவ்வொரு முறையும் குறைந்தது எவ்வளவு ஏற்ற வேண்டும், எந்த விலைக்குக் கீழே கொடுக்க மாட்டோம் என்கிற ரிசர்வ் எல்லாம் அங்கேதான் ஏற்றுவது. அப்புறம் முன்னோட்டம்: எல்லோரும் பார்க்கலாம், யாரும் விலை கேட்க முடியாது. தப்பைப் பிடிக்க வேண்டிய இடம் இது. போன முறை கமிட்டி (யார் என்று சொல்லவில்லை) இதைத் தாண்டி நேரே திறந்துவிட்டது. கேட்பு விழுந்த பிறகு ஆரம்ப விலையில் கை வைத்தால், கேட்டவருக்கு யார் பதில் சொல்வது?

இனி பெரியப்பாவின் பெரிய புகார். "நான் 300 போட்ட மறுநொடியே 320 ஆனது, உள்ளே ஆள் வைத்து ஏற்றுகிறார்கள்." ஆள் யாரும் இல்லை. அந்தப் பொருளுக்கு இன்னொருவர் முன்பே தன் உச்சவரம்பாக 500 பதிந்து வைத்திருந்தார். அது மற்றவர் கண்ணுக்குத் தெரியாது. நீங்கள் 300 போட்டதும், குறைந்தபட்ச ஏற்றம் 20 என்பதால், மென்பொருள் அவருக்காக 320 கேட்டது. அதற்கு மேல் யாரும் வராவிட்டால் அவர் கட்டுவதும் 320தான், 500 இல்லை. நீங்கள் 520 போட்டிருந்தால் பொருள் உங்கள் பக்கம் வந்திருக்கும்.

முடியும் நேரமும் அப்படித்தான். கடைசி நிமிடங்களில் யாராவது கேட்டால் அந்தப் பொருளுக்கு மட்டும் நேரம் நீளும். ஒரு தரம், இரண்டு தரம் என்று கூவுகிறவர், கூட்டத்தில் ஒரு கை உயர்ந்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாரே, அது மாதிரி. "எனக்கு மூடிவிட்டு அவருக்குத் திறந்தார்கள்" என்பது இதுதான்.

மூடிய பிறகுதான் உண்மையான கணக்கு. வென்றவருக்கு பில் போகும், அவர் கட்ட வேண்டும், கார்டு கட்டணம் கழியும், பொருளை ஒப்படைக்க வேண்டும். ரிசர்வைத் தொடாதவை விற்காதவை. ஆனால் கேட்புகளை மட்டும் கூட்டுகிற அறிக்கையில் அவையும் சேர்ந்துவிடும். ஆகவே விற்பனை, வசூல், பாக்கி மூன்றையும் தனித்தனியாக எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பாக்கி தீரும்வரை ஏலத்தைக் காப்பகத்துக்குத் தள்ள வேண்டாம். மறுபடி திறக்கவும் வேண்டாம், வென்றவர்களுக்கு மடல் போய்விட்டது.

பாக்கிப் பட்டியலில் முதல் பெயர் யாருடையது என்று எனக்கும் தெரியும், பெரியப்பாவுக்கும் தெரியும்.

—

அத்தை எழுதியது:

கணக்கெல்லாம் சரி தம்பி. எங்கள் அப்பாவின் சுவர்க் கடிகாரத்துக்குப் பக்கத்தில் 'விற்கவில்லை' என்று சிவப்பில் போட்டிருக்கிறதே, அதை நாலு பேர் பார்க்க வேண்டுமா? ரிசர்வை அவ்வளவு உயரத்தில் வை என்று நானா சொன்னேன்? அதன் மணியைக் கேட்டுத்தான் நீங்கள் எல்லோரும் பள்ளிக்கூடம் கிளம்பினீர்கள். அதற்குச் சாவி கொடுக்கிற உரிமைக்கு நீயும் உன் அண்ணனும் அடித்துக்கொண்டது ஞாபகம் இருக்கிறதா?

—

அத்தை, அந்த வரியைப் பொதுப் பார்வையிலிருந்து மறைக்கலாம், இன்றே சொல்லிவிடுகிறேன். ரிசர்வைப் போட்டது அண்ணன். அவரிடமே கேளுங்கள்.

—

பெரியப்பா எழுதியது:

320 விஷயம் புரிந்தது. நான் ஜெயித்த மற்றதற்கு பில் ஸ்பாமில் கிடந்தது, இப்போதுதான் பார்த்தேன். கட்டிவிடுகிறேன். மூன்று அறிக்கையும் எனக்கும் வர வேண்டும்.